மங்கல்களை ஏற்றாத பேருந்து

கீழவெள்ளாரை உப்பளத்தில் பாத்திகளைக் கட்டி முடித்து முதல் உப்பு பூத்திருந்த மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, சேதுராக்கின் கண்ணில் பல வருஷமாகக் குடியிருந்த மங்கல் கீழே இறங்கி, பார்வை மையத்தின் மர பெஞ்சில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அவளுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்த லில்லி புஷ்பம் அதைப் பார்த்தாள், சேதுராக்கும் பார்த்தாள். வெந்நீர்ப் பானையைத் திறந்ததும் எழுகிற ஆவியைப் போல, ஆனால் கலையாமல், ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு அது இருந்தது. சேதுராக்கு மூட்டுவலிக்காக இடது காலை நீட்டி உட்காருகிறவள் என்பதால் அதுவும் இடது பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது. இதுதானா இத்தனை நாளாய் உள்ளே இருந்தது, என்னமோ பெரிதாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்று சொல்லிவிட்டு, உப்பு வாருவதற்கு நேரமாகிவிட்டதென்று சேதுராக்கு எழுந்து போய்விட்டாள். மங்கல் போகவில்லை.

லில்லி புஷ்பம் டாக்டர் இல்லை. கண்ணைச் சோதித்து, எத்தனை பவர் என்று கண்டுபிடித்து, கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவள். கண்புரை முற்றியிருந்தாலோ கண்ணில் சதை வளர்ந்திருந்தாலோ பேரை எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறவள். அந்த ஆஸ்பத்திரிதான் அவளை நாகர்கோவிலிலிருந்து இந்த ராமநாதபுரத்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, பழைய தபால் நிலையத்தில் ஒரு மேஜையும் வில்லைகள் அடுக்கிய ஒரு பெட்டியும் கண்ணுக்குள் கோடாக வெளிச்சம் அடிக்கும் ஒரு கருவியும் கொடுத்து, ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. அந்த ஒரு வருஷம் நீண்டு ஒன்பது வருஷமாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருஷம் ஊராரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணாடியம்மா என்று ஒரு பேர் வைத்து, பல்வலிக்கும் அவளிடமே வந்தார்கள்.

காலையில் மையம், மத்தியானம் உப்பளம், சனிக்கிழமை பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை வேன் என்று அவளுடைய வாரம் ஓடியது. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம், ஆளுக்குப் பத்துத் தடவை, வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது நன்றாக இருக்கிறதா, முன்னால் வைத்தது நன்றாக இருந்ததா என்று கேட்டுக் கேட்டு, சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் அவள் வாயில் அதே கேள்வி வந்துவிடும். கத்தரிக்காய்க்காரியும் சற்று யோசித்து, முன்னால் வைத்ததுதான் என்பாள். சரியாகச் சொன்னால் அவளுக்கு அலுத்துவிட்டது. வேலை பிடிக்காமல் இல்லை. வேலை நல்ல வேலைதான், அதனால்தான் விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. புருஷன் சவுதியில் இருந்தார். நான்கு வயதில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த மகள் அபிஷாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. வருஷா வருஷம் ஏப்ரலில் நாகர்கோவில் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதுவாள், வருஷா வருஷம் ஜூனில் அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வரும்.

அன்று சாயங்காலம் மையத்தைப் பூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தபோது சேதுராக்கின் மங்கலும் பின்னாலேயே நடந்தது. மறுநாள் இன்னும் நான்கு பேருடையது சேர்ந்தது. அந்த வாரக் கடைசிக்குள், ஒன்பது வருஷத்தில் அவள் யார் யாருக்கெல்லாம் கண்ணாடி மாட்டினாளோ அவர்களுடைய மங்கல்கள் எல்லாம், இத்தனை காலம் எங்கே கிடந்தனவோ, கருவேலங்காட்டு வழியாகவும் கடற்கரை வழியாகவும் ஒவ்வொன்றாக வந்து அவள் வாசலில் சேர்ந்தன. எண்ணிப் பார்த்ததில் அறுநூற்றுப் பத்து. ஏன் இப்படி, ஏன் இப்போது என்று கேட்டவர்கள் ஊரில் இரண்டே பேர், இரண்டு பேரும் வெளியூரிலிருந்து மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர்கள். ஊராருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. கண்ணிலிருந்து ஒன்றை எடுத்தால் அது எங்காவது இருக்கத்தானே செய்யும் என்று அவர்கள் சொன்னார்கள்.

இருக்கட்டும், ஆனால் யார் வீட்டில் இருப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. லில்லி புஷ்பம் சேதுராக்கைக் கூப்பிட்டு, உங்களுடையதை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். “அத வீட்டுல வச்சுக்கிறதுக்கா நான் கண்ணாடி போட்டேன்? எறக்குனது நீதானே தாயி, ஒங்கூடவே இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் சேதுராக்கு. ஊரே அதைத்தான் சொன்னது. மங்கல்களும் அதே அபிப்பிராயத்தில்தான் இருந்தன. அவள் போன இடமெல்லாம் போயின, அவள் நின்றால் நின்றன, அவள் சாப்பிட உட்கார்ந்தால் தின்னவும் மாட்டாமல் நகரவும் மாட்டாமல் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவள் வீட்டுக்குள் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் போய், உப்பு என்று நினைத்துச் சீனியைப் போட்ட குழம்பை ஒரு மாதம் சாப்பிட்டாள்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை அந்த ஊர்? நாய்கள் வெயில் நேரத்தில் மங்கல்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன, கோழிகள் அதற்குள் முட்டையிட்டுவிட்டு இட்ட இடத்தை மறந்தன. ரேஷன் கடைக்காரர் வரிசையில் நிற்பது ஆளா மங்கலா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அட்டையை வாங்கினார். பெண் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால், சுவரில் காரை பெயர்ந்த வீட்டுக்காரர்கள் கண்ணாடியம்மாவை வந்து அந்தச் சுவர் பக்கமாகச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்தால் மங்கல்களும் உட்காரும், சுவர் நன்றாக இருப்பது போலத் தெரியும். அவளும் போய் உட்கார்ந்தாள். சும்மா உட்காருவதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

தையல்காரர் நைனா முகம்மது மட்டும் தானாக வந்து ஒரு மங்கலைக் கேட்டார். அது நான்கு வருஷத்துக்கு முன் இறந்துபோன அவருடைய மனைவி ஜொகராவுடையது. அதைக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, அதற்குள் முகத்தை விட்டுப் பார்த்தபோது, கன்னத்தில் அம்மைத் தழும்பு இல்லாத, தாடியில் ஒரு நரைகூட இல்லாத ஒரு மாப்பிள்ளை கண்ணாடியில் தெரிந்ததாகச் சொன்னார். இருபத்தாறு வருஷம் அவள் தன்னைக் குறை சொல்லாமல் பார்த்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் அது அவர் கடையில் இருக்கும், பிறகு எழுந்து லில்லி புஷ்பத்தின் வீட்டுக்குப் போய்விடும். அவர் வாசல் வரைக்கும் கூட வந்து வழியனுப்பிவிட்டுப் போவார்.

ஆனால் ஊரை மாற்றியது உப்பளம்தான். பங்குனி வெயிலில் உப்புப் பாத்தியைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கு ஒரு சூரியன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண்ணை இடுக்கி இடுக்கியே கண்ணில் சதை வளர்ந்துவிடும். லில்லி புஷ்பம் வழக்கம்போல மத்தியானம் கண் பார்க்க அங்கே போனபோது அறுநூற்றுப் பத்து மங்கல்களும் பின்னாலேயே போய்ப் பாத்திகளின்மேல் நின்றன. வெளிச்சம் தணிந்தது, பெண்கள் உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடியே நிமிர்ந்து கண்ணை முழுசாகத் திறந்தார்கள். பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்த பாத்தியில் வேலை செய்த இரண்டு பேர், வேலை நேரத்தில் ஒருத்தி முகத்தை இன்னொருத்தி அன்றுதான் சரியாகப் பார்த்தார்கள். வெயில் மறைந்தால் உப்பு எப்படி விளையும் என்று அளத்து முதலாளிகள் குதித்தார்கள். உப்பளத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் நம்புவேல் நான்கு நாள் பேசி, மங்கல்கள் வரப்பிலும் உப்புக் குவியலிலும் மட்டும் நிற்கலாம், பாத்தியின் மேல் நிற்கக் கூடாது என்று முடிவு செய்து வந்தார். வந்து, மேடம் தினமும் பதினொன்றிலிருந்து மூன்று வரைக்கும் அளத்தில் இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யாராவது சொன்னாலே அவளுக்குப் பயமாக இருக்கும்.

சித்திரையில் அபிஷா பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டாள். செய்தி வந்த அரைமணி நேரத்தில் லில்லி புஷ்பம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். மங்கல்களும் ஏறின. இருக்கைகளில் உட்கார்ந்தன, படியில் தொங்கின, இடமில்லாதவை முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டன. டிரைவர் இறங்கிவிட்டார். கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்து நின்று, கோபப்படாமல், எனக்கும் பொம்பளைப் பிள்ளை இருக்கு, ரோடு தெரியாம எப்படிம்மா வண்டிய எடுக்க என்றார். நியாயம்தான். அவள் இறங்கி ஓர் ஆட்டோவில் ஏறினாள், அது முதல் திருப்பத்திலேயே வாய்க்காலில் இறங்கியது. உப்பு லாரிக்காரர் அவள் கையெடுத்துக் கும்பிட்டும் முடியாது என்றுவிட்டார். நடந்தே போய்விடலாம் என்று அடுத்த ஊர் வரைக்கும் நடந்து, தன்னைச் சுற்றி ஒரு பர்லாங்குக்கு எதிரே வரும் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளப் பார்ப்பதைக் கண்டு திரும்பி வந்தாள். வந்து போன் போட்டாள்.

“நீங்க வரண்டாம்மா, பெரியம்மா இருக்காவ,” என்றாள் அபிஷா. “எனக்குப் பழகிப் போச்சு.”

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அது குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் லில்லி புஷ்பத்தால் தாங்க முடியவில்லை.

ஜூன் மாதம் முதல் தேதி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, மாற்றல் உத்தரவு வந்தது. நாகர்கோவில் கிளை, பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும், தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். அதை மேஜையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, மூக்கில் கண்ணாடி இறங்கி இறங்கி வருகிறது, கம்பியைச் சரிசெய்து தா என்று சேதுராக்கு வந்தாள். லில்லி புஷ்பம் கம்பியை வளைத்துக்கொண்டே, அவள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்னால முடியலக்கா. ஓஞ்சு போய்ட்டேன். எம் பிள்ளைக்கு நான் இல்லாம பழகிப் போச்சுன்னு அவளே சொல்லுதா. இந்தத் தடவ விட்டா அவ வளந்து கல்யாணம் ஆகிப் போயிருவா, நான் இதுகளக் கட்டிக்கிட்டு இங்கனயே கெடப்பேன்.”

சேதுராக்கு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தாள், படிக்கத் தெரியாததால் லில்லி புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் எவ்வளவு வாடியிருக்கிறது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெரியும்படி செய்தவளே இவள்தான். மூலையில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்த தன் மங்கலிடம் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டுக்கு வந்த சொந்தக்காரரைக் கூப்பிடுவது போல, வா, உள்ள வந்து இரு என்றாள். அது எழுந்து அவள் கண்ணுக்குள் போய்விட்டது. கதவு எங்கே என்று கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

அப்படிச் செய்தால் மங்கல் போய்விடும் என்று ஊருக்குத் தெரிந்தது இப்படித்தான். கண்ணாடியைத் திரும்பப் போட்டால் அது திரும்ப இறங்கிவிடும் என்பதும் மறுநாளே தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்குவதற்காகச் சேதுராக்கு மறந்துபோய்க் கண்ணாடியை மாட்ட, மங்கல் இறங்கி, தெருவெல்லாம் தாண்டி, லில்லி புஷ்பத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சேதுராக்கு தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து அதை மறுபடியும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டாள். அதன் பிறகு கல்லோடுதான் சோறு தின்றாள்.

நம்புவேல் சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டார். கண்ணாடியம்மா போனால் அளத்தில் நிழல் இல்லை, கண்ணாடியும் போட முடியாது, இரண்டு கஷ்டமும் நமக்குத்தான், இதை யோசித்துப் பேசுங்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். ஒருவர், அப்படியானால் கண்ணாடியம்மா போகாமல் இருப்பதுதானே எல்லாருக்கும் நல்லது என்றார். அப்படிக் கேட்பதும் தப்பில்லை. கேட்டவர், கண்ணாடி போடுவதற்கு முன்னால் பாத்தி வரப்பில் மூன்று தடவை விழுந்து எழுந்தவர். சேதுராக்கு எழுந்து, அந்தப் பிள்ளை கையை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது தாய் நடுரோட்டில் நின்றாளே, அதை நாம் எல்லாரும் நல்ல கண்ணோடு பார்த்துக்கொண்டுதானே நின்றோம் என்று கேட்டாள்.  முடிவில் எல்லாரும் அவரவருடையதை எடுத்துக்கொள்வது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையதை அவர்களுடைய தாய்மார் எடுத்துக்கொள்வது, வெளியூர் போய்விட்டவர்களுடையதைச் சங்கத்துக்காரர்கள் பங்கிட்டுக்கொள்வது என்று ஆயிற்று. ஜொகராவுடையது என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது நைனா முகம்மது, அதைக் கேட்க வேறு யாருக்கு உரிமை, என் கண்ணில்தான் இருக்கும் என்றார். உங்களுடையதோடு சேர்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியாதே பாய் என்றார்கள். நூல் கோத்தது போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

மூன்று நாளில் அவள் வீடு காலியானது. பாத்திரங்களும் சுவரும் சுவரில் நகரும் பல்லியும் தெளிவாகத் தெரிந்தன. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சங்கக் கொட்டகைக்குப் போய், ஒன்பது வருஷம் நான் ஒவ்வொருத்தராக உட்கார வைத்துச் செய்த வேலையை மூன்று நாளில் அழித்துவிட்டீர்கள், எல்லாரும் கண்ணாடியைப் போடுங்கள், நான் போகவில்லை என்று சத்தம் போட்டாள். நம்புவேல் அவள் குரல் வந்த பக்கமாகப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க மேடம். மங்கலு உள்ள போனது நெசந்தான். ஆனா இத்தன வருசம் கண்ணாடி போட்டதுல கண்ணு நல்லாப் பழகிருச்சு. இப்ப அது இல்லாமயே எல்லாம் தெரியுது. வேணும்னா நாளைக்குச் சோதிச்சுப் பாருங்க.”

கண்ணுக்கு அப்படி ஒரு பழக்கம் வராது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணிலிருந்து இறங்கிய மங்கல் பெஞ்சில் உட்காராது என்றுகூடத்தான் அவள் படித்திருந்தாள். அப்படி ஒரு பழக்கம் வந்திருந்தால் என்ன என்று அன்று முழுக்க மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு ஆசை அவளுக்கு.

எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று கண் சோதிக்கிற இடத்தில் ஓர் அட்டை உண்டு. மூன்று கால் நீட்டிய ஒரே உருவம், மேல் வரிசையில் பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும் அச்சடித்திருக்கும். கால்கள் மேலே பார்த்திருக்கிறதா, கீழேயா, வலமா, இடமா என்று விரலால் காட்ட வேண்டும். ஜனங்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்; லைசென்ஸ் வேண்டும் என்கிறவன் செய்வான், கண்ணாடி வேண்டாம் என்கிற கல்யாணப் பெண் செய்வாள். அதனால் லில்லி புஷ்பம் மறுநாள் காலை அவர்கள் வருவதற்கு முன்னால் வழக்கமான அட்டையைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு அடியில் கிடந்த இன்னொன்றை மாட்டினாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கால்களின் திசை மட்டும் வேறு.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் மையத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்று பழைய அட்டையை நோட்டில் வரைந்துகொண்டு போய், பொழுது சாய்கிற வரைக்கும் கொட்டகையில் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்து, மேல், வலது, கீழ், கீழ், இடது என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தப்பாகச் சொன்ன பெரியவர்களுக்குத் தலையில் குட்டு விழுந்தது. குட்டு வாங்கி வாங்கி ஊரே தேறிவிட்டது.

முதலில் நம்புவேல் வந்து நின்றார். கையை நீட்டி, தயங்காமல், மேல், வலது, கீழ், கீழ், இடது என்று விரலைத் திருப்பிக்கொண்டே போனார். ஒன்றிரண்டு தற்செயலாகப் பொருந்தியதைத் தவிர மற்றதெல்லாம் தப்பு.  அடுத்தவரும் அதையே காட்டினார், அதற்கடுத்தவரும் அதையேதான். வரப்பில் மூன்று தடவை விழுந்தவர் காட்டினார், பிள்ளையின் மங்கலையும் சேர்த்து ஏற்றிக்கொண்ட தாய்மார்கள் காட்டினார்கள், இரண்டு மங்கல்களோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்த நைனா முகம்மது, பருந்துக் கண் உள்ளவனுக்கும் தெரியாத கடைசி வரிசை வரைக்கும் மூச்சு விடாமல் காட்டிவிட்டு, இன்னும் கீழே இருந்தாலும் சொல்லுவேன் என்றார். இல்லாத அட்டையை அத்தனை பேரும் ஒரு விரல் பிசகாமல் ஒரே மாதிரி படித்தார்கள். 

கடைசியாகச் சேதுராக்கு வந்தாள். மற்றவர்களாவது அட்டை இருந்த பக்கம் பார்த்தார்கள். அவள் பக்கத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“எல்லாம் சரியாத்தான தாயி சொன்னேன்?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் கண்ணாடிகள் முந்தானையிலிருந்து வெளியே வரும், மங்கல்கள் இறங்கும், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அபிஷா வளர்ந்துகொண்டே போவாள். லில்லி புஷ்பம் அட்டையைப் பார்த்தாள், வெற்றுக் கண்ணோடு காலண்டரைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்த முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பிள்ளையிடம் போகிற ஆசை பெரிதாக இருந்தது, அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

“எல்லாம் சரியாச் சொன்னீங்கக்கா,” என்றாள்.

பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பேருக்கு நேராகவும் ஆறுக்கு ஆறு, ஆறுக்கு ஆறு என்று எழுதினாள். குறையில்லாத பார்வைக்கு அப்படித்தான் எழுதுவது வழக்கம். ஒன்பது வருஷத்தில் அவள் பதிவேட்டில் எழுதிய முதல் பொய் அது, எழுதத் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போனது. புது ஆளை எப்போது அனுப்புவீர்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் இரண்டு மணிப் பேருந்துக்கு ஊரே வழியனுப்ப வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் என்பதால் பெரியவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கால் பழகிய வழியில் வந்தார்கள். நைனா முகம்மது அபிஷாவுக்கென்று தைத்த ஒரு பாவாடையைக் கொடுத்தார். கண் தெரியாமல் தைத்ததில் இடுப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவள் ரொம்ப அழகாக இருக்கிறது பாய் என்றாள். சேதுராக்கு அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, போய்ட்டு வா என்று மட்டும் சொன்னாள்.

கண்டக்டர் பேருந்துக்குள் எட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டு விசில் கொடுத்தார். அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்ற ஓர் உப்பு லாரி பெரிய சத்தத்தோடு கிளம்பியது. ஊர் முழுவதும் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பி, லாரியைப் பார்த்துக் கையசைத்தது. சேதுராக்கு முந்தானையை எடுத்து ஆட்டினாள், நம்புவேல் துண்டை ஆட்டினார். லாரிக்காரனுக்கு ஒன்றும் புரியாமல், அவனும் மரியாதைக்குக் கையை வெளியே நீட்டி ஆட்டினான். லில்லி புஷ்பம் பேருந்து ஜன்னலில் அத்தனை முதுகுகளையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனாள். திருப்பம் வந்ததும் அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

அவள் கடைசி இருக்கைக்குப் போய், பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். யாராவது ஒருத்தர் இந்நேரம் கண்ணாடியை எடுத்து மாட்டியிருப்பார், அரிசியில் கல் பொறுக்கவோ, காலில் முள் எடுக்கவோ, சும்மா ஒரு தடவை வாசலைப் பார்க்கவோ; மாட்டியிருந்தால் அவருடைய மங்கல் இறங்கி ஓடி வரும். சாயல்குடிக்குப் பக்கத்தில் தூரத்தில் வெள்ளையாக ஒன்று எழும்பியபோது அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அது ஓர் ஆட்டு மந்தை கிளப்பிய புழுதி. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. தூத்துக்குடி தாண்டியது, திருநெல்வேலி தாண்டியது, பின்னால் ரோடு கழுவி விட்டது போலச் சுத்தமாகக் கிடந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் பேருந்து நாகர்கோவில் வடசேரி நிலையத்துக்குள் வந்து நின்றது. கூட்டத்தில் அம்மாவை முதலில் கண்டுபிடித்தது அபிஷாதான். லில்லி புஷ்பம் மகளைத் தேடுவதற்குப் பதிலாக, இறங்கிய பிறகும் பேருந்து வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அபிஷா அவளைவிட உயரமாகியிருந்தாள். ஒடிந்து சேர்ந்த கையால் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

“ஏம்மா திரும்பித் திரும்பிப் பாக்கிதிய? கூட யாராவது வாறாவளா?”

“இல்ல மக்ளே,” என்றாள் லில்லி புஷ்பம். “ஒருத்தர்கூட வரல்ல.”